பத்து வெள்ளி அறுபது காசு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாமாயில் ஆலையில் லாரி எடை போடும் கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, கணக்கு இல்லாமல் பேச்சு வராது. போனது 1,872 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), எட்டு மாதம், கையெழுத்துப் பிரதியாக மட்டுமே இருந்த நான்கு சிறுகதைகள். பணமும் மாதங்களும் என் அவசரத்தால் போனவை, அதைப் பிறகு சொல்கிறேன். கதைகளையாவது காப்பாற்றியிருக்கலாம். மூன்று நோட்டுப் புத்தகம், 212 பக்கம். இரண்டிரண்டு பக்கமாக நகலெடுத்தால் 106 தாள். எங்கள் டவுனில் அப்போது தாளுக்கு 10 காசு. மொத்தம் 10 வெள்ளி 60 காசு. நகலெடுக்கும் கடை நான் பசியாறிக்கொண்டிருந்த ஒட்டுக்கடையிலிருந்து நான்கு கடை தள்ளித்தான் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்றாலும் திறந்தும் இருந்தது.

கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் உண்டு, பயிலரங்கு உண்டு. தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் எழுத்தாளர் ஒரு நாள் திடீரென்று நம் மேசைக்கே வந்து உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் அவர் தப்பு எதுவும் இல்லை என்பது கடைசிவரை படித்தால் தெரியும், ஆனாலும் பெயர் வேண்டாம்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் காடு, இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. டவுனிலிருந்து மோட்டாரில் 20 நிமிடம் போனால் நான் வேலை செய்யும் பாமாயில் ஆலை. ஞாயிறு காலை ஒட்டுக்கடையில் தோசையும் கோப்பியும் வாங்கி வைத்துக்கொண்டு பத்து மணி வரை எழுதுவது வழக்கம். 2019 நவம்பர், தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிறு. கடையில் கூட்டம். "தம்பி, இங்க யாராச்சும் ஒக்காந்திருக்காங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை என்று நிமிராமலேயே சொன்னேன். நிமிர்ந்தபோது, என் வீட்டு அலமாரியில் ஏழு புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் முகம். உறவுக்காரர் வீட்டுக் கருமாதிக்கு வந்திருந்தாராம்.

அடுத்த நாற்பது நிமிடத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. முதலில் அவர் தோசையை வாயில் வைத்திருக்கும்போதே செல்பி எடுத்தேன். பிறகு என் மூன்று கதைகளின் கதைச்சுருக்கத்தைச் சொன்னேன். அவருடைய கதை ஒன்றின் முடிவை எனக்கு எப்படிப் புரிந்தது என்று அவருக்கே விளக்கினேன். அவர் தடுத்தும் கேட்காமல் அவருடைய பில்லைக் கட்டினேன். அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நூறு இருந்தது, ஒன்றுகூடக் கேட்கவில்லை. மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் என்னை எழுத்தாளன் என்று சொல்லிவிட வேண்டும்.

இப்போது அதே மாதிரி வாய்த்தால் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு "ஐயா, நான் உங்க வாசகன். பத்து நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டு, பத்து நிமிடத்தில் உண்மையாகவே எழுந்துவிடுவேன். கேட்பதானால் தொழில் சம்பந்தமாக ஒன்று கேட்பேன்: ஒரு கதையை எத்தனை தடவை திருத்துவீங்க, எதை முதல்ல வெட்டுவீங்க. இந்த மாதிரிக் கேள்விக்கு எந்த எழுத்தாளரும் பதில் சொல்லச் சலித்துக்கொள்வதில்லை. அவர் எப்படி எழுத்தாளரானார் என்று கேட்கக்கூடாது. அதை அவர் ஐம்பது மேடையில் சொல்லியிருப்பார். கடைசியாகத் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், நம் எண்ணை எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அவர் எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்கினேன். பில்லைப் பிடுங்கிக் கட்டும்போது வராத தயக்கம்.

அணிந்துரை கேட்டேன். முதல் சந்திப்பிலேயே, ஒரு வரிகூடப் படிக்காதவரிடம். "பார்க்கலாம்" என்றார். தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் போகும்போது சொல்வது, கடன் கேட்டால் சித்தப்பா சொல்வது. ஆனால் ஆசை கண்ணை மறைத்தால் காதையும் மறைக்கும் போலிருக்கிறது. "பார்க்கலாம்" என்றால் இல்லை. "நேரம் கிடைச்சா படிக்கிறேன்" என்றாலும் ஏறக்குறைய இல்லை. "நல்லா வருவே தம்பி" என்பது ஆசீர்வாதம், அதற்கும் நம் கதைக்கும் சம்பந்தம் கிடையாது. "எத்தனை பக்கம்? எப்ப வேணும்? எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?" என்று அவராகக் கேட்டால்தான் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு முதல் மூன்றும் அன்றே கிடைத்தன. மூன்றையும் சேர்த்து நான் ஒரு "சரி" செய்துகொண்டேன்.

அவர் கிளம்பும்போது பையிலிருந்த மூன்று நோட்டையும் எடுத்து அவர் கையில் திணித்தேன். முதல் இரண்டு நோட்டில் இருந்த எட்டுக் கதைகளை என் அக்கா மகள் ஏற்கனவே கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். மூன்றாவது நோட்டில் நான்கு கதை, அவைதான் கடைசியாக எழுதியவை, நான் எழுதியதிலேயே உருப்படியானவை. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. நோட்டின் அட்டையில் "கதைகள் 1", "கதைகள் 2", "கதைகள் 3" என்று மட்டும் எழுதியிருந்தேன். என் பெயர் இல்லை, எண் இல்லை, ஊர் இல்லை. அவருக்கு என்னைத் தெரியும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை, நாற்பது நிமிடப் பழக்கத்தில்.

அன்று மாலையே செல்பியை முகநூலில் போட்டு, "விரைவில் வெளிவரும் என் முதல் நூலுக்கு அணிந்துரை வழங்க இசைந்துள்ளார்" என்று எழுதினேன். வாழ்த்து குவிந்தது. எழுதிவிட்டோமே, இனிப் புத்தகம் வந்தாக வேண்டுமே என்று டிசம்பரில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். 128 பக்கம், 500 பிரதி. பக்கம் ஒன்றுக்கு 5 வெள்ளி வீதம் பக்க வடிவமைப்புக்கு 640. அட்டை ஓவியமும் வடிவமைப்பும் 300. அட்டையை 500 பிரதி அச்சடித்து மேலே பளபளப்புத் தாள் ஒட்ட 860. ஆக 1,800 வெள்ளி முன்பணம் கட்டினேன். முன்னட்டையில் என் பெயருக்குக் கீழே, என் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக, அவருடைய அணிந்துரையுடன் என்று அச்சாயிற்று.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் புத்தகம் போடும் பலரும் விழும் குழி இது. புத்தகத்தின் முதுகு எவ்வளவு அகலம் என்பது உள்பக்கத்தைப் பொறுத்தது. 128 பக்கம் என்றால் 64 தாள். சாதாரண 80 கிராம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். அப்படியானால் முதுகு 6.4 மில்லிமீட்டர். நான்கு கதை காணாமல் போனபின் என்னிடம் இருந்தது 80 பக்கம், 40 தாள், முதுகு 4 மில்லிமீட்டர். 6.4க்கு அடித்த அட்டையை 4க்கு மடித்தால் முதுகில் இருக்க வேண்டிய நூல் பெயர் பக்கவாட்டில் வழிந்து முன்னட்டைக்கு வந்துவிடும். அணிந்துரை வந்திருந்தாலும் அந்த 500 அட்டையும் குப்பைதான். உள்பக்கம் கடைசி எழுத்துவரை முடிந்து, பக்க எண்ணிக்கை உறுதியான பிறகுதான் அட்டையைத் தொட வேண்டும். உள்பக்கம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரமாக அச்சாகும் என்பதால் 80, 96, 112, 128 என்று 16ன் மடங்கில் நிறுத்தினால் வெற்றுத்தாள் வீணாகாது.

இன்னொரு கூத்து, மெய்ப்புப் பார்க்கக் கொடுத்த பிடிஎஃப். எல்லாக் கொம்பும் இடம் மாறிக் கிடந்தது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரச் சங்கிலி எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதில் பின்னால் நின்றன. தோட்டம் என்று வாசிக்கவே முடியவில்லை. அச்சகத்துப் பையன் எழுத்துருவைக் குறை சொன்னான். எழுத்துருவில் கோளாறு இல்லை. யூனிகோடு தமிழில் மெய்யை முதலில் பதிந்து கொம்பைப் பின்னால் பதிகிறோம், திரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதற்கான அமைப்பு தனியாக இருக்கிறது. பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு பதிந்த இடத்திலேயே கிடக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு இரண்டு நிமிடம் போதும்: முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தை, 'கொ, கோ, கௌ, னை, ஸ்ரீ' எல்லாம் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்து, அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித்தர 150 வெள்ளி என்றும் சொன்னார்கள். நல்லவேளை, அதைக் கட்டவில்லை. தேசிய நூலகம் அந்த எண்ணை இலவசமாகத்தான் கொடுக்கிறது. அச்சானபின் ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம், அச்சடிக்கும் எண்ணிக்கையில் அந்த ஐந்தையும் கணக்கில் வையுங்கள்.

ஜனவரி போனது, பிப்ரவரி போனது. அவர் எண் இல்லை. பதிப்பகத்து முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் ஆலையிலிருந்து வந்ததும் அஞ்சல் பெட்டியைப் பார்ப்பது, அடுத்த கதையைத் தொடாமல் இருப்பது, இப்படியே நாள் போயிற்று. அவர் சொல்லும் வரை எழுதக்கூடாது என்று எனக்கு நானே ஒரு தடை போட்டுக்கொண்டேன், பைத்தியக்காரத்தனம். பிறகு 2020 மார்ச் 18, கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மாநிலம் தாண்ட முடியாது. செம்பனை வேலை நிற்கவில்லை, ஆலை ஓடியது, நானும் லாரி எடை போட்டேன். மாலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரைத் திட்டினேன். பெரிய எழுத்தாளர் என்றால் இப்படித்தான், தோட்டத்துப் பையன் என்றால் இளக்காரம் என்று. என் கதையை அவர் பெயரில் போட்டுவிடுவாரோ என்றுகூட ஓர் இரவு நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது உண்மை.

ஜூன் 10ஆம் தேதி மாநிலம் தாண்டலாம் என்று அறிவித்தார்கள். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மூலம் விசாரித்து எண் வாங்கி, ஜூலையில் நண்பரின் காரில் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்ரோலும் டோலும் 72 வெள்ளி. கதவைத் திறந்த வீட்டு அம்மா, "சுங்கை சிப்புட் தம்பியா? வாங்க, அவரு ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்காரு" என்றார். உள்ளே அவர் நாளிதழை மூக்குக்கு நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்கு ஏப்ரலில் தேதி கொடுத்திருந்தார்கள், கோவிட்டால் தள்ளிப்போயிற்று.

மாடிப்படிக்குக் கீழே நான்கு மைலோ அட்டைப்பெட்டி. அம்மா ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தார். உள்ளே நோட்டு, கட்டிய தாள், பழுப்பு உறை, ரப்பர் வளையம் இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட கட்டு. எல்லாம் என்னைப் போன்றவர்கள் கொடுத்தவை. மூவரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். 41 பிரதி. அதில் பெயரும் முகவரியும் அல்லது எண்ணும் இருந்தவை 14. மீதி 27 யாருடையவை என்று அவருக்கே தெரியாது. "கல்யாண வீட்ல, சாவு வீட்ல, மேடையை விட்டு எறங்குறப்ப, கையில வச்சுட்டுப் போயிடறாங்க தம்பி. வேணாம்னு சொல்ல வாய் வரல" என்றார். என்னுடைய முதல் இரண்டு நோட்டு இரண்டாவது பெட்டியில் கிடைத்தன. மூன்றாவது கடைசிவரை கிடைக்கவில்லை. கருமாதி வீட்டிலேயே விட்டிருக்கலாம், பஸ்ஸில் விட்டிருக்கலாம். "அட்டையில ஒம் பேரு இருந்திருந்தா மறுநாளே போன் போட்டுருப்பனே" என்றார். பிறகு மெதுவாக, "நான் எப்பப்பா இசைஞ்சேன்?" என்று கேட்டார். பேரப்பிள்ளை முகநூலில் காட்டியிருக்கிறான். தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

யாருக்காவது கதையைக் கொடுப்பதானால் இப்படிக் கொடுங்கள். ஒரே ஒரு கதை, அதுவும் சின்னது, ஆறேழு பக்கத்துக்குள். தட்டச்சு செய்து 14 புள்ளி எழுத்தில், வரிக்கு ஒன்றரை இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். வலது ஓரத்தில் அவர் குறிப்பெழுத இரண்டு விரல் இடம். ஒவ்வொரு தாளின் அடியிலும் பக்க எண், உங்கள் பெயர், கைப்பேசி எண். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது, தாள் பிரிந்துவிடும். பின்னை மேல் இடது மூலையில் ஒன்று அடித்தால் போதும். நம்மைக் கவரும் எழுத்தாளர்களில் பலருக்கு எழுபது வயதுக்கு மேல், கண் ஒத்துழைக்காது, நீலப் பேனாவில் நுணுக்கி எழுதிய நோட்டை அவர்களால் படிக்கவே முடியாது. கொடுத்தபின் ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த விஷயத்தை மறந்துவிட்டு அடுத்த கதையை எழுதுங்கள். நோட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெயரை அட்டையில் போடுவது, அவர் சொன்னதாக எங்காவது எழுதுவது, இதற்கெல்லாம் அவர் கைப்பட ஒரு வரியோ குறுஞ்செய்தியோ இல்லாமல் கூடவே கூடாது.

கோப்பி வந்தது. போவதற்கு எழுந்தேன். "இரு, ஒரு பக்கம் படி" என்றார். முதல் நோட்டைப் பிரித்து முதல் கதையை வாசித்தேன். "உச்சி வெயிலில் அம்மா மரத்தை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். வெள்ளைப் பால் பீறிட்டுப் பாய்ந்தது." அதோடு கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பால்மரம் வெட்டிப் பாத்திருக்கியா?" இல்லை. பால்மரம் என்றால் ரப்பர் மரம், நான் பிறந்தபோதே எங்கள் பக்கம் செம்பனை ஆகிவிட்டது.

இரண்டு வரியில் மூன்று பொய் என்றார். மூன்றையும் விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார், நான் வாங்கிய பாடத்திலேயே விலை மதிப்பானது அதுதான். உச்சி வெயிலில் யாரும் மரம் சீவ மாட்டார்கள். விடியலுக்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறி இலை வழியாக நீர் ஆவியாகத் தொடங்கும் முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். உச்சி வேளையில் அம்மா மங்கிலிருந்து, அதாவது பால் சொட்டும் கிண்ணத்திலிருந்து, பாலை வாளியில் ஊற்றி எடுத்து ஸ்டோருக்கே கொண்டுபோயிருப்பாள். ஓங்கி வெட்டுவதும் கிடையாது. உளியால் பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுவது. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவான கோடு, ஏனென்றால் பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே எதிர்ச்சாய்வாக ஓடுகின்றன, இப்படிச் சீவினால் அதிகக் குழாய் அறுபடும். கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் புண்ணாகி முண்டு விழும், மறுபடி அந்த இடத்தில் ஒழுங்காகப் பட்டை வளராது, கங்காணி ஏச்சு விழும். சீவுவதற்கு முன் முந்தைய வெட்டில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை விரலால் இழுத்து எடுக்க வேண்டும். "அந்த ஒட்டுப்பால உரிக்கிற சத்தத்த எழுதியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார். மூன்றாவது, பால் பீறிடாது. சொட்டுச் சொட்டாகக் கோட்டில் இறங்கி மங்கில் விழும், மணிக்கணக்கில். "பீறிடறது ரத்தம். நீ சினிமா பாத்து எழுதியிருக்கே."

இரண்டாவது கதை எங்கள் ஊரின் பெரிய சம்பவம். 1948 ஜூன் 16, எல்ஃபில் தோட்டத்து துரை சுடப்பட்டது, அதே நாளில் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேர், அதைத் தொடர்ந்து அவசரகாலம். எங்கள் ஊரில் எழுத ஆசைப்படும் ஒவ்வொருவனும் ஒரு முறையாவது இதைத் தொடுவான். நான் நடு இரவு, இடி மின்னல், நாய் ஊளை என்று தொடங்கியிருந்தேன். அவர் சிரித்தார். நடந்தது காலையில், எட்டரை மணி வாக்கில், தோட்டத்து அலுவலகத்தில். பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போய்விட்ட நேரம். இடியும் மின்னலும் இல்லாத சாதாரண வேலைநாள் காலை என்பதுதான் அதில் பயங்கரம் என்றார். பழைய சம்பவத்தை எழுதுவதானால் மணியைக் கண்டுபிடி, அன்று மற்றவர்கள் அந்த மணியில் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று கண்டுபிடி, பிறகு பேனாவை எடு என்றார்.

பிறகுதான் கேட்டார், "நீ என்ன வேலை பாக்குறே?" சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். செம்பனைக் குலை பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்திருக்கும். ஒரு மரத்துக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை அறுப்பு? 10லிருந்து 14 நாள். அறுத்த குலை எவ்வளவு நேரம் தாங்கும்? 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்து ஆவியில் வெந்துவிட வேண்டும், அடிபட்ட பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடும். அதனால்தான் மழையில் பாதை கெட்டு லாரி மாட்டிக்கொண்டால் எல்லோரும் அப்படிப் பதறுவது. எடையில் ஏமாற்றுவார்களா? குலையில் தண்ணீர் அடித்துக் கொண்டுவருவார்கள், உதிரிப்பழத்தோடு மணலைக் கலப்பார்கள். கறுத்த காய்க்குலையை அடியில் போட்டு மேலே பழுத்ததை அடுக்குவார்கள். கண்டுபிடித்தால்? கழித்துவிடுவோம், டிரைவர் கெஞ்சுவார், சில நேரம் அழுவார். இப்போது அறுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள், அவர்களோடு டிரைவர் எந்த மொழியில் சண்டை போடுவார் என்றுகூடக் கேட்டார். நான் பேசிக்கொண்டே போனேன். இருட்டியது. "இதுல ஒண்ணுகூட ஒன் நோட்டுல இல்லியே" என்றார். "ஏன் தம்பி நீ என் காட்டையே எழுதுறே?"

வரும்போது முகவரியோ எண்ணோ இருந்த அந்த 14 பிரதியைக் கேட்டு வாங்கிவந்தேன். ஆறு எண் உபயோகத்தில் இல்லை. மீதி எட்டையும் உரியவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர், அதை எழுதியது தான்தான் என்பதையே மறந்துவிட்டிருந்தார். காணாமல் போன நான்கு கதையை நினைவிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தேன். முடிந்தவர்கள் உடனே, நினைவு சூடாக இருக்கும்போதே, வரிசை பார்க்காமல் ஞாபகம் வரும் வாக்கியங்களை மட்டும் முதலில் எழுதிவைப்பது நல்லது. நான் எட்டு மாதம் கழித்து உட்கார்ந்ததால் இரண்டு கதைக்கு முடிவு மட்டுமே ஞாபகம் இருந்தது, ஒன்றுக்குத் தலைப்பு மட்டும். அவற்றை விட்டுவிட்டேன். அட்டை 500ம் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பின்பக்கம் வெள்ளை, அக்கா மகள் கணக்குப் போடுகிறாள்.

எடைமேடையை வைத்து ஒரு கதை எழுதினேன், ஆறு பக்கம். தண்ணீர் அடித்த குலையோடு வரும் டிரைவர், அவரைத் தெரிந்த கிராணி, அவ்வளவுதான். 14 புள்ளி, ஒரு பக்கம் மட்டும், ஒவ்வொரு தாளிலும் என் எண். அவருக்குக் கண் அறுவை முடிந்து மூன்று வாரம் கழித்து அனுப்பினேன், அணிந்துரை என்ற சொல்லே இல்லாமல். ஒரு செவ்வாய்க்கிழமை, மேடையில் லாரி நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"ரெண்டாம் பக்கம் தம்பி. நெறை லாரி 13,860 கிலோன்னு எழுதியிருக்கே. காலி லாரி எவ்வளவு?"

"5,420, ஐயா."

"அத ஏன் எழுதல?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் மனக்கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "அப்ப பழம் 8,440" என்றார், நான் சொல்வதற்கு முன்பே.